கணினிக் கருக்கள் ஏன் ஓய்ந்திருக்கின்றன?

ஒரு கருமத்தை ஒருவன் எட்டு நாளிற் செய்து முடிப்பானாயின், அதனை எண்மர் கூடி ஒரு நாளிற் செய்து முடிப்பர் என்பது கீழ்வகுப்பு எண்கணிதத்தில் நாம் யாவருங் கற்ற பாடம். பரீட்சைத் தாளில் இவ்விடைக்கு முழுப்புள்ளியும் கிடைக்கும். உலகியலில் இக்கணக்கு எப்பொழுதும் பொருந்துவதில்லை. வேலையை எட்டாகப் பகுக்க இயலுமா, ஒருவன் வேலை முடியுமட்டும் மற்றையோர் காத்திருத்தல் வேண்டுமா, கருவிகள் எண்மர்க்கும் போதுமா என்னும் வினாக்கள் அங்கே எழுகின்றன. இவ்வினாக்கள் இக்காலக் கணினியினுள்ளும் எழுதலை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினியின் கணிக்கும் உறுப்பு செயலி எனப்படும். அதனுள்ளே கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நிறைவேற்றும் பகுதியை ஆங்கிலேயர் கோர் என்பர். நாம் கரு என்போம். முன்னாளிற் செயலி ஒன்றுக்குக் கரு ஒன்றே இருந்தது. ஐ.பீ.எம். நிறுவனம் 2001ஆம் ஆண்டில் ஒரே சில்லில் இரு கருக்களைக் கொண்ட பவர் 4 என்னுஞ் செயலியை வெளியிட்டது. 2005ஆம் ஆண்டில் இன்ரெல், ஏ.எம்.டீ. ஆகிய இரு நிறுவனங்களும் வீட்டுக் கணினிகளுக்கும் இருகருச் செயலிகளை விற்கத் தொடங்கின. இன்று 8 கருக்களும் 16 கருக்களும் உடைய கணினிகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன.

மென்பொருள் ஆக்குந் தொழிலில் ஈடுபட்ட ஒருவன் இத்தகைய கணினி ஒன்றை வாங்கி, தன் மென்பொருளைக் கட்டுமாறு ஏவி, கருக்களின் உழைப்பைக் காட்டும் மானியை நோக்குகின்றான் எனக் கொள்வோம். ஒரு கரு நூற்றுக்கு நூறு உழைக்கின்றது. ஏனைய ஏழும் ஓய்ந்திருக்கின்றன. பணம் வீணாயிற்றே என அவன் கவலுகின்றான். விரைந்து பின்னும் பெரிய கணினி வாங்குவோரும் உளர். அவ்வாறு செய்யுமுன் அறிய வேண்டியது ஒன்றுண்டு. ஓய்ந்திருக்குங் கரு சோம்பியிருப்பதில்லை. அதன் ஓய்வுக்கு ஒரு காரணம் இருக்கின்றது. அக்காரணம் பெரும்பாலும் பின்வரும் ஐந்தனுள் ஒன்றாக இருக்கும்: வேலை கொடுக்குமாறு ஏவப்படவில்லை, கொடுத்தற்கு ஆயத்தமான வேலை இல்லை, கொடுத்த வேலை வேறொரு பொருளுக்காகக் காத்து நிற்கின்றது, கருவுக்குத் தடை விதிக்கப்பட்டுள்ளது, வேலையைப் பங்கிடுவோன் பிழையாகக் கணித்துள்ளான். இவற்றுள் எது என்று தெளிந்த பின்னரே பரிகாரம் செய்தல் தகும்.

கட்டுமானம் என்பது யாது?

நிரலர் எழுதும் மூலக்கோப்புக்கள் மனிதர் படித்தறியத்தக்க மொழியில் அமைந்தவை. அவற்றைப் பொறி அறியும் வடிவத்திற்கு மாற்றுவது தொகுப்பி. மாற்றப்பட்ட துண்டுகளை ஒன்றாகப் பொருத்தி முழு மென்பொருளாக்குவது இணைப்பி. இவை முதலிய செயல்கள் யாவுஞ் சேர்ந்ததே கட்டுமானம். பல செயல்களை ஒரே காலத்திற் பல கருக்களைக் கொண்டு செய்தல் சமாந்தரக் கட்டுமானம் எனப்படும்.

அன்னதான மடத்துச் சமையலை இதற்கு உவமை கூறலாம். காய்கறி நறுக்குதலும், அரிசி களைதலும், தேங்காய் துருவுதலும் பலர் ஒரே வேளையிற் செய்யத்தக்கவை. உலை கொதிக்குமுன் அரிசி இடுதல் இயலாது. சோறு வேகுமுன் பந்தி வைத்தலும் இயலாது. கட்டுமானத்திலும் இன்ன கோப்பு முடிந்த பின்னரே இன்ன கோப்பைத் தொடங்கலாம் என்னும் சார்புகள் உண்டு. இச்சார்புகளைக் குறித்து வைத்து, வேண்டிய வேலைகளை மாத்திரம் முறைப்படி செய்விக்கும் மேக் என்னும் நிரலை, அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் ஸ்ரூவட் பெல்ட்மன் என்பார் 1976ஆம் ஆண்டில் ஆக்கினார். கணினித் துறையினரின் பெருஞ் சங்கமாகிய ஏ.சீ.எம். அவருக்கு 2003ஆம் ஆண்டில் இதன்பொருட்டு விருதளித்தது. இன்றும் மேக் வழக்கில் உள்ளது. நிஞ்சா முதலிய புதிய கருவிகளும் இதே கொள்கையைப் பின்பற்றுகின்றன.

பகுக்க இயலாத பகுதியின் வலிமை

ஐந்து காரணங்களையும் ஆராயுமுன் ஓர் எல்லையை உணர்ந்துகொள்ளல் வேண்டும். ஜீன் அம்டால் என்னுங் கணினி வல்லுநர் 1967ஆம் ஆண்டில் எடுத்துரைத்த கருத்தொன்று அம்டால் விதி என வழங்குகின்றது. அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம்.

ஒரு கருவினால் 100 நிமிடத்தில் முடியும் கட்டுமானத்தில் 20 நிமிட வேலை பகுக்க இயலாதது. 80 நிமிட வேலை பகுக்கத்தக்கது. 8 கருக்கள் இருப்பின் 80 நிமிட வேலை 10 நிமிடத்தில் முடியும். 20 நிமிட வேலை அவ்வாறே நிற்கும். மொத்தம் 30 நிமிடம். கருக்களை 16 ஆக்கின் மொத்தம் 25 நிமிடம். ஆயிரங் கருக்களை வாங்கினும் 20 நிமிடத்திற்குக் கீழே செல்லுதல் இயலாது. 8 கருவுடைய கணினியில் அந்த 30 நிமிடத்துள் 20 நிமிடம் ஏழு கருக்கள் ஓய்ந்தே இருக்கும் என்பதையும் நோக்குக. இங்கே ஒருவரிடத்தும் பழுதில்லை. வேலையின் இயல்பே அத்தகையது.

முதலாம் வினா: ஏவல் கொடுக்கப்பட்டதா?

குனூ மேக் என்னுங் கருவி, தானாக ஒரு வேளையில் ஒரு வேலையையே செய்விக்கும். '-ஜே 8' என்னுங் குறியைச் சேர்த்து ஏவினால் மாத்திரமே எட்டு வேலைகளை ஒருங்கு நடத்தும். எண்ணைக் குறியாது ஜே என்னும் எழுத்தை மாத்திரங் கொடுப்பின் அது எல்லையின்றி வேலைகளைத் தொடங்கிக் கணினியைத் திணறச் செய்யும். நிஞ்சாவோ கருக்களின் எண்ணிக்கையை நோக்கித் தானே ஓர் அளவை வகுத்துக்கொள்ளும்.

ஒரு மேக் தன்னுள்ளே மற்றொரு மேக்கை அழைக்குமிடத்து ஒரு நுட்பம் உண்டு. தலைமை மேக், வேலைக்கு ஒன்றாக அனுமதிச் சீட்டுக்களை வைத்துக்கொண்டு, கிளை மேக்குகளுக்கு அவற்றைப் பங்கிடும். விதிக்கோப்பில் அதற்கென அமைந்த மாறியை எழுதாது மேக் என்னும் பெயரையே நேரே எழுதியிருப்பின், கிளை மேக்குக்குச் சீட்டுக் கிடையாது. அது ஓர் எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு ஒரு வேலையாகவே நடக்கும். ஓடி மறையும் பல்லாயிரம் வரிகளுள் அவ்வெச்சரிக்கையைக் காண்போர் சிலரே. பீற்றர் மில்லர் என்பார் 1998ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், இவ்வாறு மேக்கினுள் மேக்கை அடுக்குதலால் முழுச் சார்புகளும் ஓரிடத்தில் அறியப்படாது போதலை விரித்துக் காட்டினார்.

மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் கருவிகளிலும் இதனையொத்த மயக்கம் உண்டு. எம்.எஸ்.பில்ட் கருவிக்குக் கொடுக்கும் 'எம்' என்னுங் குறி பல திட்டங்களை ஒருங்கு கட்டுவிக்கும். ஒரு திட்டத்தினுள் உள்ள பல சீ++ கோப்புக்களை ஒருங்கு தொகுப்பிப்பது தொகுப்பிக்குக் கொடுக்கும் 'எம்.பீ.' என்னும் வேறொரு குறி. திட்டம் ஒன்றே உள்ளவிடத்து முதற்குறியாற் பயன் விளைவதில்லை.

இரண்டாம் வினா: ஆயத்தமான வேலை உண்டா?

ஏவல் சரியாயின், கருக்கள் எப்பொழுது ஓய்கின்றன என்பதைக் கவனிக்க. தொடக்கத்தில் ஓயுமாயின், கணினியின் இயல்புகளைச் சோதிக்கும் ஆயத்தப் படியோ, பிற கோப்புக்கள் யாவுஞ் சார்ந்திருக்கும் ஒரு கோப்பை ஆக்கும் படியோ நடக்கின்றது என்று கொள்ளலாம். இறுதியில் ஓயுமாயின் பெரும்பாலும் இணைப்பியே காரணம். பழைய இணைப்பிகள் ஒரு கருவையே பயன்படுத்துவன. எல்.எல்.டீ., 2021ஆம் ஆண்டு திசம்பரில் முதற்பதிப்பு வெளிவந்த மோல்ட் ஆகிய புதிய இணைப்பிகள் பல கருக்களையும் பயன்படுத்துவன. இணைப்பியை மாற்றுதல் மாத்திரமே சிலவிடத்து நல்ல பரிகாரமாகும்.

இணைப்பி வருமுன்னரும் ஒரேயொரு நெடிய கோப்பு ஏனையோரை எல்லாம் காக்க வைத்தல் உண்டு. 4 கருக்கள்; ஒவ்வொரு நிமிடம் எடுக்கும் 12 கோப்புக்கள்; 6 நிமிடம் எடுக்கும் ஒரு கோப்பு. நெடிய கோப்பைக் கடைசியில் தொடங்கின், சிறியவை 3 நிமிடத்தில் முடிய, அதன்பின் ஒரு கரு 6 நிமிடம் உழைக்க மூன்று கருக்கள் பார்த்திருக்கும். மொத்தம் 9 நிமிடம். நெடியதை முதலில் தொடங்கின், ஏனைய மூன்று கருக்களும் 12 சிறியவற்றை 4 நிமிடத்தில் முடிக்கும். நெடியது 6ஆம் நிமிடத்தில் முடியும். வேலையும் கருக்களும் மாறவில்லை; வரிசை மாறியதால் 3 நிமிடம் மிஞ்சிற்று.

பெல் ஆய்வுகூடத்துக் கணித அறிஞர் ரொனால்ட் கிரகம் இத்தகைய பங்கீட்டை 1966, 1969ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தார். ஒன்றையொன்று சாராத வேலைகளை நெடியது முதலாக வரிசைப்படுத்திக் கொடுப்பின், முடியும் நேரம் மிகச் சிறந்த பங்கீட்டு நேரத்தின் மூன்றிலொரு பங்குக்குமேல் அதனை விஞ்சாது என்று நிறுவினார். வேலைகள் ஒன்றையொன்று சார்ந்தவிடத்து, வேலையாளைக் கூட்டுதலாலேயே முடியும் நேரம் நீளுதலுங் கூடும் என்பதையும் அவர் எடுத்துக்காட்டுக்களால் விளக்கினார். 2024ஆம் ஆண்டில் வெளிவந்த நிஞ்சாவின் 1.12ஆம் பதிப்பு, நெடிய சார்பு வழியில் உள்ள வேலைகளை முந்தித் தொடங்க முயல்கின்றது. நெடிய கோப்பு எதுவென அறிய, முன்னைக் கட்டுமானங்களின் நேரப் பதிவு உதவும். அக்கோப்பினுள் நேரம் எங்கே செல்கின்றது என்பதை, கிளாங் தொகுப்பியின் 9ஆம் பதிப்பு முதலாக உள்ள நேரச்சுவடு என்னும் வசதி காட்டும். கண்டறிந்தபின் அக்கோப்பை இரண்டு மூன்றாகப் பிரித்தல் நன்று.

மூன்றாம் வினா: எதற்காகக் காத்து நிற்கின்றது?

ஒரு கரு மாத்திரம் நிறைந்து ஏனையவை வெறுமையாயிருத்தல் ஒரு குறி. எல்லாக் கருக்களும் அரைகுறையாக ஏறியிறங்குதல் மற்றொரு குறி. பின்னையதைக் காணின் வன்தட்டையும் நினைவகத்தையும் ஐயுறுக. லினக்ஸில் 'ரொப்' என்னும் நிரலைத் திறந்து 1 என்னும் எண்ணை அழுத்தின், கருவொன்றுக்கு ஒரு வரி தோன்றும். வன்தட்டை எதிர்நோக்கிக் கழிந்த நேரமும் அதிற் புலப்படும். 2018ஆம் ஆண்டின் இறுதியில் வந்த லினக்ஸ் 4.20 முதலாக, செயலி, நினைவகம், வன்தட்டு ஆகியவற்றுள் எதன் நெருக்கடியால் வேலைகள் தடைப்படுகின்றன என்பதைத் தனித்தனியே காட்டும் அளவைகளும் உண்டு.

நினைவக நெருக்கடியைக் கணக்கிடுதல் எளிது. ஒரு தொகுப்பு வேலை 1.5 கிகாபைற்று நினைவகம் கொள்ளுமாயின், 16 வேலைகள் 24 கிகாபைற்றுக் கொள்ளும். கணினியில் 16 கிகாபைற்றே இருப்பின், மிகுதியை வன்தட்டுக்கு அனுப்புவதிலும் மீட்பதிலுமே காலம் கழியும். அங்கே வேலைகளை 8 ஆகக் குறைத்தலே விரைவைத் தரும். இணைப்பு வேலைகள் மிகுந்த நினைவகம் வேண்டுவன. ஆதலின், எல்.எல்.வி.எம். என்னும் பெருந்திட்டத்தில் ஒருங்கு நடக்கும் இணைப்பு வேலைகளின் தொகையைத் தொகுப்பு வேலைகளினின்று வேறாக வரையறுத்தற்கு ஒரு வழி வைத்துள்ளனர்.

விண்டோஸ் கணினியில் நச்சுநிரற் காவலன், புதிதாகத் தோன்றும் ஒவ்வொரு கோப்பையுஞ் சோதித்தலாலும் தாமதம் நேரும். கட்டுமானமோ ஆயிரக்கணக்கான கோப்புக்களைப் பிறப்பிப்பது. இதனைக் கருதியே மைக்ரோசொப்ற் நிறுவனம் 2023ஆம் ஆண்டில், நிரலர்க்கென இச்சோதனையின் சுமை குறைந்த தனித் தட்டுப் பகுதியொன்றை விண்டோஸ் 11இல் அமைத்தது.

நான்காம் வினா: தடை உண்டா?

ஒரு நிரல் இன்ன கருக்களில் மாத்திரம் ஓடலாம் என்று பணிசெயல் முறைமைக்குக் கட்டளையிடுதல் கூடும். அக்கட்டளையைப் பெற்ற நிரல் பிறப்பிக்கும் வேலைகளும் அத்தடையை உடன் பெறும். வாடகைக் கணினிகளிலும் கொள்கலன்களிலும், கருக்கள் எட்டுக் கண்ணுக்குத் தோன்றினும், இரு கருக்களின் நேரமே உரிமையாக அளிக்கப்பட்டிருத்தலும் உண்டு. எட்டெனக் கருதி எட்டு வேலைகளைத் தொடங்குவோன் இரண்டின் பயனையே பெறுவான்.

கருக்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல என்பதையும் மறத்தலாகாது. அப்பிள் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட எம்1 செயலியில் 4 வேகக் கருக்களும் 4 சிக்கனக் கருக்களும் உள. இன்ரெல் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட பன்னிரண்டாந் தலைமுறைச் செயலிகளிலும் இவ்விரு வகையுங் கலந்துள்ளன. இவற்றில் ஒரு கரு மற்றொன்றினும் முந்துதல் குறையாகாது. அன்றியும், ஒரு பௌதிகக் கரு இரு தருக்கக் கருக்களாகத் தோன்றும் செயலிகளில், மானி நூற்றுக்கு ஐம்பது என்று காட்டும்போது பாதி வலிமை எஞ்சியுள்ளது என்று எண்ணுதல் தவறாகும். உண்மையில் எஞ்சியிருப்பது அதனிலும் மிகக் குறைவு.

ஐந்தாம் வினா: பங்கிடுவோன் பிழைத்தானா?

இவ்வினாவைக் கடைசியில் வைத்தமைக்குக் காரணம், இஃது அரிதாக நிகழ்வதாகலின். அரிதாயினும் நிகழ்ந்ததுண்டு. 2016ஆம் ஆண்டில் லோசி முதலிய ஆராய்ச்சியாளர், லினக்ஸின் வேலைப் பங்கீட்டாளனில் தாங் கண்ட நான்கு பிழைகளைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று சமாந்தரக் கட்டுமானத்திலே வெளிப்பட்டது.

அவர்தங் கணினியில் 64 கருக்கள், எட்டெட்டாக எட்டுக் கணங்களில் அமைந்திருந்தன. 64 இழைகளோடு ஒரு மேக் ஓடிற்று; உடன், வேறு முனையங்களிலிருந்து ஆர் என்னும் மொழியில் எழுதிய இரு தனி வேலைகளும் ஓடின. முனையங்கள் ஒவ்வொன்றுக்கும் சமபங்கு தருதல் பங்கீட்டாளனின் நெறி. ஆதலின் ஒற்றை வேலையாகிய ஆர் முழுப்பாரமுடையதாயும், மேக்கின் இழை ஒவ்வொன்றும் அறுபத்துநாலிலொரு பங்குப் பாரமுடையதாயும் கணிக்கப்பட்டன. பங்கீட்டாளன் கணங்களின் சராசரிப் பாரத்தை ஒப்பிட்டான். ஆர் ஓடிய கணத்தில் ஒரு கரு பெரும்பாரம் சுமந்தமையால், அங்கே ஏனைய கருக்கள் வெறுமையாயிருந்தும் சராசரி உயர்ந்தே தோன்றிற்று. பிற கணங்களில் மேக்கின் இழைகள் நெருங்கி வரிசையில் நிற்க, இங்கே கருக்கள் ஓய்ந்திருந்தன.

ஆசிரியராயினார்க்கு இப்பிழை புதிதன்று. ஒரு மாணவன் நூறு புள்ளி பெற, மூவர் பூச்சியம் பெறின், வகுப்பின் சராசரி 25. நால்வரும் 25 பெற்றாலும் சராசரி அதுவே. சராசரியை மாத்திரம் நோக்குவார்க்கு முதல் வகுப்பில் உதவி வேண்டி நிற்கும் மூவர் தோன்றார். ஆராய்ச்சியாளர் சராசரியை விடுத்துக் கணத்தினுள் மிகக் குறைந்த பாரத்தை ஒப்பிடுமாறு திருத்தினர். மேக் முடியும் நேரம் நூற்றுக்கு 13 குறைந்தது. ஆர் வேலைகளுக்கோ தாமதம் நேரவில்லை. பின்னர், 2020ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த 5.5ஆம் பதிப்பில், லினக்ஸின் பாரச் சமனீட்டு முறை பெரிதும் மாற்றி அமைக்கப்பட்டது.

போலிப் பரிகாரம்

மானியின் எல்லாக் கோடுகளையும் நிறைத்தல் வேண்டும் என்னும் ஆசையாற் சிலர் சார்புகளை அழித்துவிடுவர். காத்திருக்க வேண்டிய வேலை காத்திராது தொடங்கும், கோடுகளும் நிறையும். ஆயின் இன்னும் எழுதி முடியாத கோப்பையோ, நேற்றைய பழைய கோப்பையோ அது எடுத்தாளும். கட்டுமானம் முறிந்தால் நன்மையே. முறியாது பிழையான மென்பொருளைத் தந்துவிடின் தீங்கு பெரிது. அது வைத்தியசாலையின் மருந்துக் கணக்கிலோ வங்கியின் பேரேட்டிலோ சென்று அமரவுங் கூடும். இதற்கு மறுதலையாக, எழுதாது விடுபட்ட சார்பொன்று ஒரு கருவில் ஓடும்போது வரிசையின் தற்செயலால் மறைந்திருந்து, சமாந்தரமாக ஓடும்போது வெளிப்படுதலும் உண்டு. அப்பொழுது ஒரு கருவுக்குத் திரும்பி ஓடி ஒளிதல் பரிகாரமாகாது. விடுபட்ட சார்பை எழுதிச் சேர்த்தலே பரிகாரம்.

வெற்றியைக் கடிகாரத்தால் அளக்க. லினக்ஸில் 'ரைம்' என்னுங் கட்டளை, கழிந்த கடிகார நேரத்தையும் கருக்கள் உழைத்த நேரத்தையுந் தனித்தனி தரும். உழைத்த நேரம் 40 நிமிடமும் கடிகார நேரம் 10 நிமிடமுமாயின், சராசரியாக நான்கு கருக்கள் உழைத்தன என்பது பெறப்படும். ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் இவ்விரண்டையும் குறித்து வைக்க. ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்க. இரண்டு மாற்றங்களை ஒருங்கு செய்யின் எது பயன்பட்டது என்று அறியமாட்டோம்.

தொகுப்புரை

ஆராயும் முறை வருமாறு:

1. எத்தனை வேலைகள் ஒருங்கு நடக்குமாறு ஏவப்பட்டது என்று நோக்குக. எச்சரிக்கை வரிகளைப் படிக்க.

2. கருக்கள் தொடக்கத்தில் ஓய்கின்றனவா, இடையிலா, இறுதியிலா என்று குறிக்க. நெடிய கோப்பையும் இணைப்பியையும் காண்க.

3. வன்தட்டு, நினைவகம், நச்சுநிரற் காவலன் ஆகியவற்றைச் சோதிக்க.

4. விதித்த தடைகளையும் கருக்களின் வகையையும் அறிக.

5. இவை யாவும் ஒழிந்த பின்னரே பணிசெயல் முறைமையின் பங்கீட்டை ஐயுறுக.

இவ்வைந்துக்கும் செலவு சிறிது நேரமும் பொறுமையுமே. புதுக் கணினி வாங்கப் பொருளில்லாத மாணவனும், பழைய கணினியொன்றை வைத்துக்கொண்டு இவ்வாராய்ச்சியைச் செய்யலாம். தன் கணினியின் ஒவ்வொரு கருவும் எப்பொழுது, எதற்காக ஓய்கின்றது என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, இருக்குங் கணினியே பலவிடத்துப் போதியதாகும். புதியது வேண்டுமிடத்தும், எத்தகையது வேண்டும் என்பதை அவன் அறிந்தே வாங்குவான்.